ஆறுமுகத்தாயின் சிலேட்டு

ஓட்டுப் போடப் போகிறவள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போவாளா? ஆறுமுகத்தாய் போனாள். அறுபத்தேழாம் வருஷத் தேர்தலன்று காலையில், தாராவிப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வரிசையில், அதை முந்தானைக்குள் கைப்பிள்ளை மாதிரி பொத்திக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். சிலேட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அவள் புருஷன் பெயர்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். எங்கேயாவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் சொல்லிவிடுவாள், சோலி முடிந்தது. ஆறுமுகத்தாய்க்கு அதுகூட ஆகாமல் போயிற்று. முந்தின வருஷம் மழைக்கு முன்னால் துறைமுகத்தில் சரக்குப் படகுக் கூலிக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்து கிடந்தது, ஆள் கிடைக்கவில்லை. பொட்டை அழிக்கச் சொல்லிக் கொழுந்தன் வந்து கத்தியும் அவள் அசையவில்லை. அந்தப் பெயரை இனி யாரும் தன் காதுபட எடுக்கக் கூடாது என்றாள். பெயர் வாயில் படாதவரைக்கும் மனுஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை. எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் அவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

கரீம் பாட்சாவின் தோல் கிடங்கில், மத்தியானங்களில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க மாட்டுங்காவிலிருந்து ருக்கு டீச்சர் வருவாள். நாங்கள் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டு ஓட்டுச் சீட்டு வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டே ஆனா ஆவன்னா சொல்லுவாள், நாங்கள் சிரிப்போம். ஒரு நாள், “அங்கே ஆத்துக்காரர் பேரைக் கேப்பா. வாயால சொல்ல மாட்டேள்னா எழுதிக் காட்டுங்கோ” என்றாள். எழுதினால் சொன்னதாக ஆகுமா ஆகாதா என்று எங்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. சத்தம் வராததால் தோஷமில்லை என்று முடிவாயிற்று. ஆறுமுகத்தாய் வியர்க்க வியர்க்க எழுதி முடித்தாள். பிறகு எல்லாரும் எச்சில் தொட்டு அழித்தோம், அவள் மட்டும் அழிக்கவில்லை.

“அவுகள நானே தொடச்சுப் போடவா டீச்சர்?” என்றாள்.

அன்றிலிருந்து சிலேட்டு அவள் குடிசையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தாள். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். “ஓட்டு இல்லன்னா நாம இங்க இல்லன்னு சொல்லி முனிசிபாலிட்டிக்காரன் குடிசையப் பிரிச்சிருவான். பெறவு அவுக வந்தா எந்த வாசலுக்கு வருவாக?” என்றாள்.

வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. மேஜைக்காரர் மராத்திக்காரர். அவள் பெயரைப் படித்துவிட்டு, “ஆத்மி கா நாம் போலோ, பாயி” என்று புருஷன் பெயரைக் கேட்டார். அவள் சிலேட்டை நீட்டினாள். அவர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இத்தனை மாசம் படித்ததில் இந்த விஷயம் எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, படித்த டீச்சருக்கும் தோன்றவில்லை.

“போல்னே கா. நஹி தோ பாஜு ஹட்” என்று, வாயால் சொல், இல்லாவிட்டால் ஒதுங்கு என்கிற மாதிரி கையைக் காட்டி, சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அதை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஓட்டு போனாலும் போகட்டும் என்று திரும்பிவிடுவாள் என்று தெரிந்தது. பழி என் தலையில் விழுந்தாலும் சரி, நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“நயினார்.”

சொன்னது நானில்லை, ஆண் குரல். போன தேர்தலில் அவள் புருஷன் இதே வாசலில் நின்று, பெண்கள் தலைக்கு மேலாகத் தன் பெயரைத் தானே சொல்லி அவளை உள்ளே அனுப்பினாரே, அதே குரல், கடைசியில் அதே இழுப்பு. மேஜைக்காரர் எங்களுக்குப் பின்னால் யாரையோ பார்த்துத் தலையாட்டி, “நைனார், பரோபர்”, சரிதான் என்று பட்டியலில் கோடு போட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். வாசல் வரைக்கும் பெண்கள்தான்.

ஆறுமுகத்தாய் திரும்பவில்லை. குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள்.

நானும் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவள் சுவரோரம் காத்திருந்தாள். “நீயா சொன்ன பூமாரி?” என்றாள்.

“நாந்தான்” என்று பயத்தில் பொய் சொன்னேன்.

“அவுக குரலு எனக்குத் தெரியாதாட்டி?” என்றாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

முந்தானையை விலக்கிச் சிலேட்டை எடுத்தாள். அதில் எழுத்தே இல்லை. வியர்வையில் அழிந்திருக்கும் என்று சொல்ல வந்த நான் நிறுத்திக்கொண்டேன். எழுத்து இருந்த இடத்தில், ஊதா மையில், ஈரம் காயாமல் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. நயினார் அண்ணாச்சிக்கு எழுதத் தெரியாது, எங்கே போனாலும் கைநாட்டுதான்.

ஆறுமுகத்தாய் மை படாத தன் பெருவிரலை அதன் மேல் மெதுவாக வைத்தாள். அவள் விரலைச் சுற்றி, நாலு பக்கமும் ரேகை மிச்சம் தெரிந்தது.