துளிர்த்த நாற்காலி

பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடம், நீலகிரியில் நடுவட்டத்துக்கு மேலே இருந்த தனியார் கல்லூரியின் பெஞ்சுகள் துளிர்விட்டன. அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்த சில்வர் ஓக் பலகையில் தேயிலைக் கொழுந்து எப்படி வந்தது என்று மரம் விற்ற வியாபாரிக்கும் சொல்லத் தெரியவில்லை. முதலில் துளிர்த்தது மாணவன் ரவிச்சந்திரன் உட்காரும் இடம். அந்த வாரமே அவன் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். அடுத்தது அம்சவேணியின் இடம். அவளுடைய அப்பா தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார். துளிர்த்த இடத்தில் உட்கார்ந்தவர் மலையில் தங்கமாட்டார் என்பது பொங்கலுக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கிள்ளிப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். மறுநாளே கொழுந்து முன்னைவிடச் செழிப்பாக நின்றது. பிறகு நிர்வாகம் ஆள் வைத்துப் பறித்து ஃபாக்டரிக்கு அனுப்பத் தொடங்கியது. வகுப்பறைக் கொழுந்துக்கும் அதே அடிமாட்டு விலைதான் கிடைத்தது.

அங்கே வணிகவியல் நடத்திய சுமலதா, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த வீரையாவின் மகள். வீரையா இங்கே வேலை பார்த்த எஸ்டேட்டில் ஃபாக்டரியை மூடியதிலிருந்து அவர் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டுக்குள் இருமிக்கொண்டு படுத்திருந்தார். அந்த லயத்திலிருந்து காலேஜ் டீச்சரானவள் அவள் ஒருத்திதான். அதே பாடத்தை நடத்திய ஸ்ரீமதி கோயம்புத்தூர்க்காரி. இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடும் அளவுக்குச் சிநேகிதம். செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தின வாரம் ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் தயாரிப்பார்கள். ஸ்ரீமதி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் சுமலதா முடிப்பாள். எது யார் எழுதியது என்று பிறகு அவர்களுக்கே தெரியாது.

அந்த ஜூனில் மழை பிடித்துக்கொண்டு, பைக்காரா பக்கத்து மேகம் ஸ்டாஃப் ரூமுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. விலைக் கோட்பாட்டுக்குத் தேயிலையை உதாரணமாக வைக்கலாம் என்றாள் சுமலதா. துறைத் தலைவர் கீர்த்திவாசன் வேண்டாமென்று தலையாட்டினார்.

"தேயிலை வேண்டாங்க. போன வருசம் அந்தக் கணக்கு போடறப்ப பாதிப் பசங்க அழுதுட்டாங்க. தக்காளின்னு போட்டுக்கோங்க."

பாடம் முழுக்கத் தக்காளி ஆனது. அதோடு இன்னொன்றையும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "பசங்க கொறைஞ்சு போயிட்டாங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும்னு மேனேஜ்மென்ட்ல பேசிக்கறாங்க. யாருன்னு என்னைக் கேக்காதீங்க."

அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்துதான் தயாரித்தார்கள், ஒரே டப்பாவில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் நல்ல உதாரணம் ஒன்று தோன்றினால் சுமலதா அதைச் சொல்லாமல் விழுங்கினாள். ஸ்ரீமதியும் வாய் திறந்து திறந்து மூடுவதை அவள் கவனித்தாள். வாக்கியங்களை அவரவரே முடித்துக்கொண்டார்கள்.

வாரக் கடைசியில் சுமலதா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. அவளுடைய நாற்காலியின் முதுகில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து வந்திருந்தது. லயத்தில் பிறந்த கை தானாகப் பறிக்கப் போய், பாதியில் நின்றது. அப்பாவின் இருமல் ஸ்டாஃப் ரூம் வரை கேட்பதுபோல் இருந்தது. பிறகு அவள் அந்த நாற்காலியைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுவிட்டு, ஸ்ரீமதியின் நாற்காலியை இழுத்துத் தன் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் ஒரே தச்சன் செய்த நாற்காலிகள்.

ஸ்ரீமதி வந்து குடையை மாட்டினாள். கொழுந்தைப் பார்த்தாள். சுமலதாவைப் பார்த்தாள். சுமலதா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்ரீமதி உட்கார்ந்தாள். "மழை விட்டபாடில்லீங்க" என்றாள். அன்று கடைசி அலகையும் முடித்துவிட்டார்கள்.

வேலை போனது ஸ்ரீமதிக்கு. அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுமலதாவும் பஸ் ஸ்டாப் வரை நடந்தாள்.

"உங்க நாற்காலி கொஞ்சம் ஆடுமுங்க" என்றாள் ஸ்ரீமதி. "ஒக்காந்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏங்க சொல்லாம உக்காந்திருந்தீங்க?"

"சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பீங்களா?"

சுமலதா பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது. ஸ்ரீமதி பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறிப் போனாள்.

தீபாவளிக்குள் எல்லாப் பெஞ்சுகளும் துளிர்த்தன. கீர்த்திவாசனின் நாற்காலியும் துளிர்த்தது, அவரும் மலை இறங்கினார். கல்லூரி என்று பெயர் சொல்ல ஒரு ஆசிரியராவது வேண்டுமே என்று நிர்வாகம் சுமலதாவை மட்டும் வைத்துக்கொண்டது. சில வருடம் கழித்து விலை கொஞ்சம் ஏறியது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. வீரையா இருமியே போய்ச் சேர்ந்தார். வேலையை விட்டுவிட இனி அவளுக்குத் தடை எதுவும் இல்லை, ஆனாலும் தினமும் காலையில் மணி அடித்ததும் வகுப்புக்குள் போனாள். சுவரிலிருந்து சுவர் வரை இடுப்பளவு தேயிலை நின்றது. கரும்பலகையில் தேதியைப் போட்டு, ஸ்ரீமதியோடு சேர்ந்து தயாரித்த பாடத்தை முதல் அலகிலிருந்து நடத்தினாள். எங்கே தன் வாக்கியம் முடிகிறது, எங்கே அவளுடையது தொடங்குகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. நடுவில் பக்கத்து லயத்து வேலாயி கூடையோடும் ஆட்களோடும் வாசலில் வந்து நிற்பாள்.

"நாங்க சத்தமில்லாம கொழுந்து எடுத்துட்டுப் போயிர்றோம். நீங்க நடத்துங்க டீச்சர்."

சுமலதா நடத்தினாள்.