தொடக்க ஃபைலில் இரண்டு வரிகள்

மாம்பழக்கூழ் மில் மேனேஜர் தீர்த்தகிரி அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. மில் கணக்குக்காக ராஜமேரி எழுதிய புரோகிராம் ஓடினால் மில்லில் அவளுக்கு வேலை. ஓடாவிட்டால் ஜவுளிக்கடையில் துணி மடிப்பதே கதி. பகலில் கடை, பொழுது சாய்ந்தால் தர்மபுரியில் கம்ப்யூட்டர் வகுப்பு, பிறகு நல்லம்பள்ளிக்குக் கடைசி பஸ் என்று அவள் அலைந்ததெல்லாம் இதற்காகத்தான்.

புரோகிராம் பாதியில் நின்றது. அளவுக்கு மேல் ஃபைல்கள் திறந்திருப்பதாகத் திரை சொன்னது. விவசாயிகள், பழ ரகங்கள், லாரி எடை மூன்றும் திறந்தன. கழிவுப் பழக் கணக்கு வந்ததும் மெஷின் மறுத்தது.

"கழிவ எடுத்துப் போட்டுரும்மா. மூணு போதும்," என்றார் வகுப்பு நடத்தும் குப்புராஜ்.

"கழிவு இல்லாட்டி கணக்கே தப்புங்க சார். மெஷின் கெளம்புறப்ப கான்ஃபிக்னு ஒரு ஃபைலப் படிக்குது. எத்தன ஃபைல் தொறக்கலாம்னு அதுல எழுதிட்டா கேக்குமுங்க. புஸ்தகத்துல போட்டிருக்குது."

"மெட்ராஸ் இன்ஜினீயர் வெச்சுட்டுப் போனது. நான் தொட்டதில்ல. தொட்டா நீதான் பொறுப்பு."

ராஜமேரி புத்தகத்தை இன்னொரு தரம் படித்தாள். இருபது ஃபைல் திறக்கலாம் என்று ஒரே வரியில் கான்ஃபிக்கை எழுதிச் சேமித்து, மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். மெஷின் கிளம்பியது. டி டிரைவைக் காணோம். வகுப்பில் எல்லாருடைய வேலையும் அதில்தான் இருந்தது.

பக்கத்து நாற்காலிக் கிருஷ்ணப்பன் எழுந்தே நின்றுவிட்டான். "இருவது ஃபைல் கேட்ட, இருந்ததும் போச்சு. நல்ல வரம் வாங்குன, போ!"

குப்புராஜ் மெட்ராசுக்கு டிரங்க் கால் போட ஓடினார்.

ராஜமேரி புத்தகத்தைத் திரும்பப் புரட்டினாள். பழைய கான்ஃபிக்கில் வேறு வரி இருந்திருக்கும். அவள் அதோடு சேர்க்கவில்லை. அதன் மேலேயே புதிதாக எழுதிவிட்டாள். முதலில் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? இதெல்லாம் உனக்கு எதற்கு என்று மனசு கேட்டது. ஆனால் அவள் எழுதியது சி டிரைவில்தானே? டி-யை யாரும் தொடவில்லை. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வரிதான் போயிருக்கிறது.

சி-யில் உள்ள ஃபைல் பெயர்களைத் திரைக்கு வரவழைத்து, ஒவ்வொன்றாகப் புத்தகத்தில் தேடினாள். எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. அதுதான் டி-க்காக இன்ஜினீயர் கொண்டுவந்து போட்டதாக இருக்க வேண்டும்.

"அப்ப அந்தப் பேர எழுதிப் போடு, சீக்கிரம்," என்றான் கிருஷ்ணப்பன்.

"மறுபடியும் சி-யில கை வெக்க மாட்டேன். பிளாப்பியில எழுதி, அதுலருந்தே மெஷினக் கெளப்பிப் பாக்கறேன். தப்பா இருந்தா பிளாப்பிய உருவிட்டாப் போதும்."

பிளாப்பியைத் தயார் செய்ய ஃபார்மேட் என்று அடித்ததும் கிருஷ்ணப்பன் அலறினான். "அய்யய்யோ! மிச்சத்தையும் அழிக்கப் போறியா?"

"ஏ டிரைவுக்குத்தான், பிளாப்பிக்கு. கத்தாத, எழுத்து மாறிப் போயிரும்."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடித்ததைப் படித்தாள். ஏ-தான். பிறகே என்டர்.

அந்த நேரத்தில் தீர்த்தகிரி உள்ளே வந்தார். கிருஷ்ணப்பன் நாற்காலி போட்டு, நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். ராஜமேரி திரும்பவில்லை. இன்ஜினீயர் போட்ட அந்த ஃபைலைப் பிளாப்பிக்கு நகல் எடுத்தாள். பிளாப்பியிலேயே புதிய கான்ஃபிக் எழுதினாள்: டி-க்கு ஒரு வரி, இருபது ஃபைலுக்கு ஒரு வரி. மெஷினை அணைத்துப் போட்டாள்.

பிளாப்பி கரகரத்தது; மெஷின் அதிலிருந்தே கிளம்பியது. டி என்று அடித்தாள். வகுப்பின் ஃபைல்கள் சரசரவென்று திரையில் ஏறின. கிருஷ்ணப்பன் தன்னுடையது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். புரோகிராமைப் போட்டாள். கழிவுக் கணக்கும் திறந்தது.

"சீசன்ல இப்படிப் பண்ணுனா, எங்க லாரியெல்லாம் பாப்பாரப்பட்டி வரைக்கும் ரோட்டுல நிக்கும் தெரியுமா?" என்றார் தீர்த்தகிரி.

"தெரியுங்க. பாக்காம எழுதுனது என் தப்புதானுங்க. இனிமே எதுவானாலும் பிளாப்பியில பாத்துட்டுத்தான் மெஷின்ல வெப்பேன்."

அவர் திரையில் கழிவுப் பத்தியை விரலால் கீழே தேய்த்துக்கொண்டே போனார். "திங்கக்கெழம மில்லுக்கு வந்துரு. சம்பளம் அங்க பேசிக்கலாம். இப்பக் கெளம்பலாமா? ஜீப் நல்லம்பள்ளி வழியாத்தான் போவுது."

"செத்த இருங்க," என்றாள் ராஜமேரி. "இன்னும் சி-யில மாத்தலைங்க."