தலையெண்ணும் நாள்

மலர்வளையம் வாசலில் சிக்கிக்கொண்டது. நேசையன் சார் இருபது வருஷம் குனிந்து போய்க் குனிந்து வந்த வாசல் அது. நாகர்கோவிலில் சொல்லிக் கட்டிவந்த மலர்வளையத்துக்கு அந்த விவரம் தெரியாது. சதாசிவன் நேராகத் தள்ளிப் பார்த்தார், ஆள் வைத்துத் தள்ளிப் பார்த்தார். கடைசியில் ‘தென்னெல்லைக் காவலர்’ என்று எழுதி அதன் குறுக்கே கட்டியிருந்த பட்டுத்துணி நிலை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. ‘தென்னெல்லை’ வெளியே தொங்க, ‘காவலர்’ மட்டும் உள்ளே வந்தார்.

“சரிச்சுப் பிடியுங்க அண்ணா,” என்றாள் லீலாபாய், பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே.

நேற்று மத்தியானம் புருஷனைப் பறிகொடுத்தவள் இன்று காலையில் பேசிய முதல் வார்த்தை அதுதான். பக்கத்தில் இருந்த குஞ்சம்மா, சாரின் அக்காள், அவள் தொடையில் கிள்ளினாள். அழ வேண்டிய இடத்தில் யோசனை சொல்லக் கூடாது.

சதாசிவன் மைக் இல்லாத இடத்திலும் மைக்குக்கு முன்னால் நிற்பதுபோலத்தான் நிற்பார். பெட்டிக்கு முன்னால் அப்படி நின்றார். தாய்த்தமிழகத்தோடு சேரவேண்டும் என்று போராடிய காலத்தில் அவரும் சாரும் ஒரே லாக்கப்பில் கிடந்தவர்கள். போன நவம்பரில் மாநில எல்லைக்குக் கோடு போட்டார்கள். சதாசிவன் வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. அவர் பட்டாசு வெடித்தார். பாறசாலையும் சாரும் இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றுபோனார்கள். அதன்பிறகு சதாசிவன் இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. சாவுக்கு வராமலிருக்க முடியாதே.

“மனுவில கைநாட்டு வச்சா தள்ளிப்போடுவான்னு, ஊரையே கையெழுத்துப் போடப் படிப்பிச்ச மனுசனாக்கும்!” என்றார் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் என்பது மழைக்கு ஓலைப்பந்தலில் ஒதுங்கிய ஒரு பத்துப் பேர்.

அது உண்மைதான். ராத்திரி ராத்திரியாக வீட்டு முற்றத்தில் மண்ணைப் பரப்பிப் பெரியவர்களின் விரலைப் பிடித்து எழுதவைத்தார். விளக்குக்கு எண்ணெய் விட்டவள் லீலாபாய். கையெழுத்துப் பழகியவர்களில் பலர் அதே கையெழுத்தைப் போட்டு இப்போது தங்கள் பிள்ளைகளை மலையாள வகுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை அங்கேதான் கிடைக்கும் என்று பேச்சு. சார் யாரையும் குறை சொன்னதில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். லீலாபாய்க்குத்தான் ஆத்திரம் வரும். போராட்டத்தில் வேலையிலிருந்து தள்ளி, பிறகு காட்டாக்கடைக்குத் தூக்கியடித்து, கெஞ்சிக் கூத்தாடித் திரும்பி வந்த மனுஷன். ஒரு நாளாவது தனக்கென்று இருந்தாரா என்று கேட்டால், இருந்தார், நேற்று மத்தியானத்திலிருந்து.

வெளியே சலசலப்பு கேட்டது. மழைக்கு வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஒவ்வொருவராக முற்றத்தில் வந்து நின்றார்கள். குளித்து, எண்ணெய் வைத்து, சிலேட்டோடு.

அவர்கள் சாவுக்கு வரவில்லை என்பது லீலாபாய்க்கு மட்டும் புரிந்தது. இன்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து தலையெண்ணும் நாள். பெரிய மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தமிழ் வகுப்பு. அதற்கு ஒரே ஒரு வாத்தியார். தலை குறைந்தால் வகுப்பை எடுத்துவிடுவார்கள். அதனால் வருஷா வருஷம் அன்றைக்கு மட்டும் சார் பிள்ளைகளை வீட்டு முற்றத்துக்கே வரச்சொல்லி, மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, வரிசையாக நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். காய்ச்சலில் கிடந்தபோதும் உளறியது அதைத்தான். மரச்சீனி வாங்கினியா, மரச்சீனி வாங்கினியா என்று. வாங்கி வைத்தது அடுக்களையில் அப்படியே கிடந்தது.

“ஆகா! நல்ல காரியம்,” என்றார் சதாசிவன். “பிள்ளைய முன்னால கொடி பிடிச்சுப் போகட்டு. பெட்டி பின்னால வரட்டு. பத்தரைக்கு எடுத்திரலாம்.”

“சாயங்காலம் எடுத்தா போராதா அண்ணா?”

“மத்தியானம் தக்கலையில எனக்கு ஒரு கூட்டம் உண்டு தங்கச்சி. அதுவும் சாருக்க அனுதாபக் கூட்டமாக்கும்.”

சாரின் அனுதாபக் கூட்டத்துக்குப் போக வேண்டியிருப்பதால் சாரைச் சீக்கிரம் புதைத்தாக வேண்டும். இதில் தப்புச் சொல்ல யாருக்கும் இடமில்லை. சபை உபதேசியார் பொன்னுதாஸும் தலையாட்டினார்.

அப்போது பள்ளிக்கூடப் பியூன் அப்புக்குட்டன் நனைந்துகொண்டு வந்தான். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “ஹெட்மாஸ்டர் பறஞ்ஞு விட்டிருக்கு அம்மா. சாரோடுள்ள பகுமானம். தமிழ் கிளாஸுக்கு மாத்திரம் இந்நு லீவு. பிள்ளைய அடக்கத்துக்கு வரட்டேந்நு,” என்றான்.

“இன்ஸ்பெக்டர்?”

அப்புக்குட்டன் தலையைச் சொறிந்தான். “அயாள் வரும். மற்ற கிளாஸொக்க உண்டல்லோ.”

ஹெட்மாஸ்டர் மிகவும் மரியாதை தெரிந்தவர். இவ்வளவு பணிவாக ஒரு வகுப்பை மூடிவிட வேறு யாராலும் முடியாது.

லீலாபாய் பெட்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை தொப்பலாக நனைந்து வந்து நின்ற முகம். குடை எங்கே என்று கேட்டதற்கு, “அங்க இரிக்கு,” என்றார். எங்க என்று சத்தம் போட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டார். அன்று ராத்திரிதான் குளிர் கண்டது. அவரோடு அவள் கடைசியாகப் போட்ட சண்டை அது.

எழுந்தாள்.

“லீலா! மரிச்சவனுக்க தலைமாட்ட விட்டு எங்க போற?” குஞ்சம்மா முந்தானையைப் பிடித்தாள்.

“பிள்ளைய பசியில நிக்குதுவ மைனி.”

சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று நாலு பேர் சொல்லி முடிப்பதற்குள் புகை கூரைக்கு மேலே வந்துவிட்டது. வெந்தும் வேகாத மரச்சீனியை இலையில் பங்கு வைத்தாள். பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்தபடி தின்றார்கள். முந்தானையால் ஒவ்வொரு மூக்காகத் துடைத்தாள். பிறகு வரிசையில் நிறுத்தினாள்.

“கொடி இந்தா இரிக்கு தங்கச்சி,” என்றார் சதாசிவன்.

“கொடி வேண்டாம். இதுவ பள்ளிக்கூடத்துக்குப் போகுதுவ.”

“என்ன பேச்சு பேசுத? ஒரு கிளாஸு போனா போட்டு. ஒரு இனத்துக்க மானம் இல்லியா இது? பிள்ளைய இல்லாத ஊர்வலத்த ஆரு பாப்பா?”

“நீங்க பாருங்க அண்ணா. கிளாஸு போனா, அடுத்த மனுவுல நீங்கதான் வந்து எல்லாருக்கும் கையெழுத்துப் போடணும்.”

சதாசிவனுக்கு மேடையில் யாரும் இப்படி நடுவில் பேசியதில்லை. அவர் கொடியைச் சுருட்டுவதற்குள் வரிசை நகர்ந்தது.

“நீ வாறதுக்குள்ள எடுத்திருவாங்க லீலா,” என்று குஞ்சம்மா பின்னாலேயே வந்து கத்தினாள். இப்போதுதான் உண்மையாக அழுதாள். “மண்ணு போட நீ வேண்டாமா?”

லீலாபாய் திரும்பாமல் நடந்தாள்.

பள்ளிக்கூடத்தின் கடைசி அறைதான் தமிழ் வகுப்பு. அவள் இதுவரை அதற்குள் நுழைந்ததில்லை. பிள்ளைகள் அவரவர் இடத்துக்குப் போனார்கள். நாற்காலி காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. சுவரோரம் நின்றபிறகுதான் மேலே பார்த்தாள்.

மூன்றாவது பெஞ்சுக்கு மேலே ஓடு உடைந்திருந்தது. அதற்குக் கீழே, உத்தரத்தில் கயிற்றால் கட்டி, விரித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது சாரின் குடை. மழை அதில் விழுந்து சுவர்ப்பக்கமாக வழிந்தது. அடியில் மூன்று பெண்பிள்ளைகள் காய்ந்த சிலேட்டோடு இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஹெட்மாஸ்டர் அவர் பின்னால் நின்றார். நிறைந்த பெஞ்சுகளைப் பார்த்து ஹெட்மாஸ்டரின் முகத்தில் மரியாதை சற்றுக் குறைந்தது. இன்ஸ்பெக்டர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். பாதியில், “சார் எவிடே?” என்றார்.

பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்கள். ரோட்டில் பெட்டி போய்க்கொண்டிருந்தது. சுமந்தவர்கள் நாலு பேர், பின்னால் அஞ்சாறு பேர். சதாசிவனுக்கு ஒருவன் குடை பிடித்திருந்தான். மலர்வளையத்தின் துணி நனைந்து பெட்டியில் ஒட்டியிருந்தது.

“அந்தா போறாரு,” என்றாள் லீலாபாய்.

ஒரு பையன் எழுந்தான். அவனைப் பார்த்து எல்லாரும் எழப் பார்த்தார்கள்.

“இரி மக்கா. எண்ணி முடியட்டு.”

இன்ஸ்பெக்டரின் விரல் அந்தரத்தில் நின்றது. எந்தத் தலையில் விட்டோம் என்று அவருக்கு மறந்துபோயிற்று. முதல் பெஞ்சுக்குத் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். மெதுவாக எண்ணினார். முடித்ததும் ஹெட்மாஸ்டரிடம், “மதி, ஆவசியத்துக்கு ஆளுண்டு. வேறே சாரைப் போடணம்,” என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் வெளியே போனார்.

பெட்டி வளைவைத் தாண்டியிருந்தது. சபைக் கோயில் மணி விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியது. லீலாபாய் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மழை வலுத்திருந்தது.

“மாமி, நில்லுங்க.” மூன்றாவது பெஞ்சுப் பெண்களில் உயரமானவள் பெஞ்சுமேல் ஏறி நின்று கயிற்றின் முடிச்சில் கை வைத்திருந்தாள். “நனைஞ்சு போவீங்க. சாருக்க குடை இஞ்ச உண்டு.”

லீலாபாய் திரும்பிப் பார்த்தாள்.

“அங்கயே இரிக்கட்டு மக்கா,” என்றாள். மழையில் இறங்கினாள்.