ஒரு குறை நாலாயிரமான கதை

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல, பயம். ஷிஜாவிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லத் தைரியம் வராமல் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

கழக்கூட்டத்து வானத்தில் கார்மேகங்கள்...

(வேண்டாம். திருவனந்தபுரத்துக் கதையை மழையில் தொடங்குவது சோம்பேறித்தனம். மேலும் எங்கள் அலுவலக அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

ஷிஜா பாறசாலைக்காரி, மென்பொருள் எழுதுபவள். நான் நெல்லையப்பன். திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து வருடமாக அவள் எழுதியதைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பவன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு அதே வேலைதான் என்பாள் என் மனைவி.

ஷிஜாவின் அணியினர் தங்கள் வேலைகளை ஒரு மென்பொருள் கருவியில் பதிவார்கள். சோதிக்கும் நாங்கள் குறைகளை இன்னொன்றில். இரண்டும் முகம் கொடுத்துப் பேசாது. இப்படிப்பட்ட கருவிகள் பேசிக்கொள்வதற்கென்றே பலரும் ஒத்துக்கொண்ட பொது விதிமுறை ஒன்று உண்டு. அதன்படி, யாரும் எடுத்தாளலாம் என்று திறந்துவைத்த நிரல்களைக் கொண்டு ஒரு பாலம் கட்டினோம். அவள் கருவிப் பக்கம் அவள், என் கருவிப் பக்கம் நான். அந்தப் பாலத்தையும் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது ஷிஜாவின் ஒரு வருட ஆசை.

மேலாளர் சத்தியதாஸ் சார் சொல்லிவிட்டார்: "நாளைக்குக் காலத்த பதினோரு மணிக்கு ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா தொறந்து விடலாம். இல்லேன்னா பூட்டிரலாம், கேட்டியா?"

3

இன்று மதியம் நான் ஒரே ஒரு குறையைப் பதிந்தேன், ஒரு பொத்தானின் நிறம் சரியில்லை என்று. சாப்பிட்டு வருவதற்குள் அது நாலாயிரத்து முந்நூறாகப் பெருகியிருந்தது.

"எந்தா அண்ணா இது? மூணு தவண நோக்கியாச்சு, ஒண்ணும் மனசிலாவல," என்றாள் ஷிஜா. "என் பக்கந்தான் எங்கயோ தப்பு."

"என் பக்கம் பாத்தியா?"

"நீங்க எழுதினத எதுக்குப் பாக்கணும்?"

(இந்த இடத்தில் கதாசிரியர் தன் பக்கத்து நிரலைத் திறந்து பார்த்தார்.)

விதி எளியது. குறையையும் வேலையையும் சேர்க்கும் இணைப்பை ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். மற்ற பக்கம் வேண்டும்போது கேட்டுக்கொள்ளும். ஷிஜா பக்கம் எழுதுவதாக முடிவு. ஆனால் ஒருவன், எதற்கும் இருக்கட்டுமே என்று, தன் பக்கமும்...

(ஒருவன் என்ன ஒருவன். நான்தான்.)

சாம்பாருக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. அவள் பக்கம் எழுதி எனக்குச் சொல்லும். என் பக்கம் அதைப் புதிது என்று நினைத்து எழுதி அவளுக்குச் சொல்லும். இப்படியே நாலாயிரம்.

4

முடிவு அ: ஷிஜாவே கண்டுபிடிக்கிறாள். (மாட்டாள். என்னை நம்புகிறாள்.)

முடிவு ஆ: நான் சத்தம் காட்டாமல் என் வரியை அழித்துவிடுகிறேன். (முடியாது. எந்த வரியை யார் எழுதினார், யார் அழித்தார் என்று பெயரோடு பதிவாகும். பாலத்தைத் திறந்துவிட்டால் ஊர் உலகமே படிக்கும். பிறர் குறை சொல்லியே சோறு தின்பவனுக்கு இது தேவையா?)

முடிவு இ: இந்தக் கதை இருக்கும் கோப்பையே ஷிஜாவுக்குப் படிக்கத் திறந்துவிட்டேன். ஷிஜா, என் பக்கம், நூற்றுப் பதினேழாவது வரி. அழித்துவிடு. மன்னித்துவிடு.

ஓரத்தில் அவள் குறிப்பு வந்து விழுந்தது:

[அண்ணா, சிரிச்சு வயிறு நோவுது. ஆனா நான் அழிக்க மாட்டேன். ஒங்க பேருலயே அழிங்க. எதுக்கு அழிச்சீங்கன்னும் எழுதிப் போடுங்க. நாளைக்கு வேற ஒருத்தன் இதே தப்பைப் பண்ணுவான்லா, அவனுக்கு ஆவும்.]

வாசகரே, மணி மாலை நாலு. நாளை பதினோரு மணிக்குப் பாலம் ஓடுமா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வரி அழிக்க வேண்டியிருக்கிறது.