வலிக்காத முழங்காலுக்குக் கட்டு

சம்ரானுக்கு வலது முழங்கால் போய் ஒரு வருஷம் ஆகிறது. படி இறங்கினால் கடகடவென்று சத்தம் போடும். மழைக்கு முந்தின நாள் தூங்க விடாது. ஆனால் மேடையேறி உதைச்சண்டை போடும் இந்த ஊர்க்காரர்கள் ஒரு தனிப் பிறவி. எலும்பு உடைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் "ஒண்ணுமில்ல" என்பார்கள். சம்ரான் அந்தக் கூட்டத்துக்கே தலைவன்.

இப்போது மறைக்க வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பயிற்சிக்கூடம் நடத்தும் சவாட், ஒரு பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவில் பழைய ஆட்டக்காரர்களுக்கு வைக்கும் சண்டையில் சம்ரான் விழாமல் நின்றுவிட்டால் வேலை அவனுக்கு. இல்லையென்றால் பாங்காக்கில் வாட்ச்மேன் வேலைதான். அவன் அங்கே, மனைவி பிக்குலும் குழந்தையும் இங்கே.

மேடை ஏறினதும் எதிராளி முகத்தையா பார்ப்பான்? உடம்பில் தைலம் எங்கே அதிகமாக மினுங்குகிறது என்று பார்ப்பான், அங்கேதான் வலி என்று அங்கேயே உதைப்பான். இது தெரிந்த சம்ரான், நல்ல இடது முழங்காலில் அரை பாட்டில் தைலத்தைக் கொட்டித் தேய்த்து, கட்டும் போட்டுக்கொண்டான்.

பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்த பிக்குல் கையை நிறுத்தினாள். "நல்ல காலுக்கு எதுக்குய்யா கட்டு?"

"தந்திரம்டி. அவன் இதைத்தான் உதைப்பான்."

"அப்போ இதுவும் போயிடுமே?"

இதை அவன் யோசித்திருக்கவில்லை. அதற்காகக் கட்டைப் பிரித்துவிடுவானா? வீம்பு என்று ஒன்று இருக்கிறதே.

பக்கத்து ஊர்க் கம்பான்தான் எதிராளி. அவனும் சொல்லி வைத்த மாதிரி இடது முழங்காலையே உதைத்தான். சண்டைக்கென்று மேடையோரம் குழல் ஊதுகிறவர் வேகத்தைக் கூட்டக் கூட்ட, பாவி, அவனும் கூட்டினான். வலது காலை மடக்காமல் ஊன்றிக்கொண்டு சம்ரான் அத்தனையையும் வாங்கினான். கடைசியில் சமம் என்று அறிவித்தார்கள். அவன் விழவில்லை, அது போதும்.

மேடைக்குப் பின்னால் பெஞ்சில் அவன் சரிந்து கிடந்தபோது சவாட் வந்தார்.

"இடது காலை அப்படி நொறுக்கியும் வலது கால்ல தூண் மாதிரி நின்னியேப்பா. வேலை உனக்குத்தான். வந்ததும் நம்ம கூடத்துப் பையன் தங்சாயைக் கவனி. அடுத்த மாசம் அவனுக்குப் பெரிய சண்டை, பய மூட்டு வலிங்கிறான். சும்மா நடிக்கிறான். நாலு சாத்து சாத்தி ஓட விடு."

தலையாட்டினால் போதும். பாங்காக் கிடையாது, பிரிவு கிடையாது. சம்ரானுக்குத் தலை ஆடவில்லை.

"அவனை ஓட விடாதீங்கண்ணே. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. இந்த வலது கால் ஒரு வருஷமா செத்துக் கிடக்கு."

சவாட் அவனையே பார்த்தார். "முதல்லயே சொல்லியிருந்தா உன்னை ஏத்தியே இருக்க மாட்டேனே."

"அதனாலதான் சொல்லல."

"தங்சாயை டாக்டர்கிட்ட காட்டுறேன். ஆனா முட்டி இல்லாதவனை வச்சு நான் என்னப்பா பண்ணுவேன்?" அவர் குரலில் கோபமில்லை. முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிக்குல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ள அவன் தயாரானான்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு. வேற எங்க வலிக்குது?"

"ஒண்ணு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "இடுப்பு."

"அப்புறம்?"

"தோள்பட்டை. ரெண்டும்."

"அப்புறம்?"

"உங்களை விட்டுட்டுப் போகணுமே, அதுதான் தாங்க முடியல."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு முட்டியும் போனவனைத் தனியா பஸ் ஏத்தி விடுவேன்னு நினைச்சியா? நாங்களும் வரோம். இப்ப எந்திரி."

"எந்திரிக்க முடியல பிக்குல்" என்றான் சம்ரான், கொஞ்சமும் வெட்கப்படாமல்.