எதிர்ப்பக்கம் சுற்றிய கை

ணங்!

ஸ்பேனர் சிமென்டுத் தரையில் விழுந்த சத்தம். விழவில்லை, நான்தான் வீசினேன். காலைப் பான்கேக்குக்கும் அதன்பின் விமானச் சவாரிக்கும் வரிசையில் நின்றிருந்த ஐம்பது பேரும் தட்டும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டுவெய்ன்! கையை எடு அதுலேருந்து!"

டுவெய்ன் ஹ்ருஸ்கா விமானத்தின் மூக்கிலிருந்த ப்ரொப்பெல்லரைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். எங்கள் விமானக் கிளப்பின் தலைவன் அவன்தான், பைலட்டும் அவன்தான். ஜூன் மாத வெயிலிலும் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துணி. அவன் ப்ரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டிருந்த திசையைப் பார்த்துத்தான் நான் ஸ்பேனரை வீசினேன்.

எதிர்ப்பக்கம்!

எங்கள் விமானம் 1942இல் செய்தது. இரட்டை இறக்கை, திறந்த இருக்கைகள், வட்டமான இன்ஜின். அந்த மாதிரி இன்ஜினில் ராத்திரி முழுக்க எண்ணெய் கசிந்து, கீழே இருக்கும் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்போம். சுற்றும்போது இடையில் இறுகி நின்றால் உள்ளே எண்ணெய் நிற்கிறது என்று அர்த்தம். கீழ் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வடிய விட வேண்டும். ஒரு மணி நேர வேலை.

சோம்பேறிக்கு இன்னொரு வழி இருக்கிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். ப்ரொப்பெல்லர் லேசாகிவிடும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியான மாதிரி இருக்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அதே எண்ணெய் திரும்ப சிலிண்டருக்குள் போய், அமுங்காமல் நின்று, பிஸ்டனைத் தள்ளும் இரும்புத் தண்டை வளைத்துவிடும். வளைந்த தண்டு அன்றைக்கே உடையாது. என்றைக்காவது ஆயிரம் அடி உயரத்தில், கீழே சோளக்காடு மட்டும் தெரியும் இடத்தில் உடையும்.

இது டுவெய்னுக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான்.

"மார்லிஸ், ஏன் இப்படிக் கத்துறே? ஜனங்க பயப்படறாங்க பாரு" என்றான், வரிசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

"பயப்படட்டும். இறுகி நின்னுதா, இல்லையா?"

"லேசா. இப்ப விட்டுடுச்சு."

"விட்டுடுச்சா? நீ பின்னாடி சுத்துனதை நான் பார்த்தேன்!"

என்னைப் புனல் எடுத்து வரச் சொல்லி, விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கருக்கு அனுப்பியது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. அதோடு விட்டானா? நான் திரும்புவதற்குள் முன் இருக்கையில் முதல் பயணியை ஏற்றி, பெல்ட்டும் மாட்டிவிட்டிருந்தான். ரோண்டா பிட்னர். எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். தோல் தொப்பியும் கண்ணாடியுமாக உட்கார்ந்து, போனில் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இதை முதன்முதலில் பறக்க வைக்க நாங்கள் பதினோரு பேர், சம்பளமில்லாமல், இரண்டு குளிர்காலம் அந்த ஹேங்கரில் விரல் விறைக்க வேலை பார்த்தோம். வார நாள்களில் நான் பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரம் ரிப்பேர் செய்கிறவள். சனி, ஞாயிறு முழுக்க இந்த இன்ஜினோடுதான். ஊர் ஜனங்கள் ஒரு தடவையாவது இதில் பறந்து பார்க்கட்டும் என்ற ஒரே ஆசை. அவர்களைக் கொல்வதற்கா இவ்வளவு பாடு?

கிளப்பில் ஒரு விதி உண்டு. பான்கேக் சுடுகிறவர் 'நிறுத்து' என்று சொன்னாலும் விமானம் நிற்க வேண்டும். சோதித்துப் பார்க்காமல் கிளப்பக் கூடாது.

"நிறுத்துன்னு சொல்றேன், டுவெய்ன்."

"அந்த விதி விவரம் தெரிஞ்சவங்களுக்கு. உனக்கு என்ன பிரச்சனைன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் உன்னைப் பைலட் லிஸ்ட்ல சேர்க்கலை. அந்தக் கடுப்பை இன்னைக்குக் காட்டுறே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொரு குரல், "ஏம்மா, நாங்க ஏழு மணிலேருந்து நிக்கிறோம்" என்றது.

என் காது சுட்டது. நேராகக் கீழ் இறக்கையில் ஏறினேன்.

"ரோண்டா, இறங்கு."

"உக்காருங்க ரோண்டா, ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடலாம்" என்றான் டுவெய்ன்.

ரோண்டா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "டுவெய்ன், நான் தினம் நாற்பது பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவ. என் பஸ்ஸுக்கு அடியிலேருந்து மெக்கானிக் கத்துனா, அவன் கிறுக்கனாவே இருந்தாலும் நான் பஸ்ஸை எடுக்க மாட்டேன்." பெல்ட்டை அவளே கழற்றிவிட்டு இறங்கினாள். "நீ கிறுக்கியா, மார்லிஸ்?"

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

வீசிய ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு இன்ஜினுக்கு அடியில் படுத்தேன். கீழ்க் காற்றுக் குழாயின் அடியில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தேன். கறுப்பு எண்ணெய் கொழகொழவென்று கொட்டியது. காபி டப்பாவைப் பிடித்தேன். கால் டப்பா நிறைந்தது. எழுந்து அதை டுவெய்னின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இது லேசா?"

ரோண்டா டப்பாவை எட்டிப் பார்த்தாள். தோல் தொப்பியைக் கழற்றி இறக்கை மேல் வைத்தாள்.

டுவெய்ன் கழுத்துத் துணியைத் தளர்த்தினான். "சரி, எண்ணெய் இருந்துச்சு. அதுக்கு ஊரைக் கூட்டணுமா? மூணு வருஷமா இப்படித்தான் பண்றேன். ஏதாவது ஆச்சா? சொல்லு, ஆச்சா?"

மூணு வருஷம்! டப்பாவைத் தரையில் டொக்கென்று வைத்தேன், எண்ணெய் என் பூட்ஸ் மேல் சிந்தியது. மூன்று கோடைகாலம். எத்தனை பேரைக் கை கொடுத்து ஏற்றிவிட்டேன், எத்தனை பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தேன்!

"இன்ஜினை முழுசாப் பிரிச்சுப் பார்க்கற வரைக்கும் இது பறக்காது. இதுவரைக்கும் ஏறின ஒவ்வொருத்தருக்கும் நீதான் பதில் சொல்லணும்" என்றேன்.

"பெருசா நாடகம் ஆடாதே. ஆபத்துன்னு தெரிஞ்சா நான் ஏத்துவேனா? என்னை அவ்வளவு மோசமானவன்னா நினைக்கிறே?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் மனைவி ஜாய்ஸ் வந்தாள். மாவு அப்பிய ஏப்ரன், கையில் பான்கேக் திருப்பும் கரண்டி. டப்பாவைப் பார்த்தாள். பிறகு ரோண்டா எழுந்து வந்த காலி இருக்கையைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"நேத்து நம்ம பொண்ணு போன் பண்ணி, நாளைக்கு நான்தான் முதல் ஆளா ஏறுவேன்னு சொன்னப்ப, 'முதல் ரெண்டு ரவுண்டு வேற யாராவது போயிட்டு வரட்டும், அப்புறம் நீ ஏறு'ன்னு சொன்னியே டுவெய்ன், அது இதுக்குத்தானா?"