டிரைவர் கொண்டுவந்த பெட்டி

பக்கத்து வீட்டு டிரைவர் ஒரு செருப்புப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றபோதே, இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. பெட்டிக்குள் கோழிக்குஞ்சு இருந்தது, அது சத்தத்திலேயே தெரிந்தது. நான் சொல்வது அதற்கும் அடியில் இருக்கிற சங்கதியை.

இந்த ஆள் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ் ஓட்டுகிறவன். அப்போதெல்லாம் கடைசி வண்டி அவனுடையது. ஊரடங்கிய பிறகு வந்து படுப்பான். என் சேவல் விடிவதற்கு முன்னாலேயே கூவும். சேவல் கூவாமல் பின்னே பாட்டு வாத்தியார் வேலைக்கா போகும்? என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரே நகராட்சியில் போய் மனு கொடுத்தான். ஒருத்தன் பைக்கில் வந்து, சேவலை அப்புறப்படுத்து, இல்லாவிட்டால் கூண்டையே பிரித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான். சேவல் கறிக்கடைக்குப் போனது. அதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. குப்பை கொட்டப் போகும்போது எதிரே வந்தால் அவன் போனைப் பார்ப்பான், நான் வானத்தைப் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவன் பெட்டியை நீட்டுகிறான்.

"பெரியவரே, குஞ்சு. உங்க கோழியோட விட்டுக்குங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

நான் ஊர் பூராவும் வீடுகளுக்குக் குழாய் போட்டவன். சும்மா ஒரு வேலைதான், ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போங்க என்று கூப்பிட்டவன் வீட்டில்தான் சுவரையே உடைக்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் காது சூடாகும்.

நான் கதவைச் சாத்தப் போனேன். அதற்குள் என் மகள் உள்ளேயிருந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. எங்க கருப்பி அடையில உட்கார்ந்து எந்திரிக்கவே மாட்டேங்குறா."

வீட்டு ரகசியத்தை எதிராளியிடம் ஒப்பிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. அவளுடைய அம்மா வாகு.

ஆனால் அவள் சொன்னது உண்மை. கருப்பி அடையில் இருந்தாள். என் கூண்டில் மிச்சமெல்லாம் வெள்ளைக் கோழிகள். முட்டையிடும், போய்விடும், திரும்பிக்கூடப் பார்க்காது. அடைகாக்கத் தெரிந்தவள் கருப்பி ஒருத்திதான். சேவல் போன பிறகு கரு இல்லாத முட்டையைக் காத்து என்ன பிரயோஜனம் என்று நான் முட்டைகளை எடுத்துவிட்டேன். அவள் விடுவாளா? கூண்டை ஒட்டிய சாய்ப்பில் உருளைக்கிழங்கு மூட்டை இருந்தது. அது வாய் பிரிந்து நாலு கிழங்கு உருண்டு கிடந்தது. அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். எடுத்து வெளியே விட்டேன், திரும்பப் போனாள். வாளித் தண்ணீரில் வயிறு நனைய முக்கி எடுத்தேன், அப்படிச் செய்தால் அடை தெளியும். சிலிர்த்து உதறிவிட்டு ஈரத்தோடு போய் உட்கார்ந்தாள். அவள் சூட்டில் கிழங்கில் முளைகூட விட்டுவிட்டது.

கூத்தாகத்தான் இருந்தது, அவளைக் கையில் தூக்கிப் பார்க்கும் வரைக்கும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் பட்டது. கொண்டை வெளுத்துப் போயிருந்தது. தினம் ஒரு தடவை எழுந்து வந்து தீனி எடுத்தவள், அதையும் நிறுத்திவிட்டாள். காத்திருக்கிற குஞ்சு வெளியே வராதவரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். உருளைக்கிழங்கிலிருந்து எந்தக் காலத்தில் குஞ்சு வரும்? இப்படியே விட்டால் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப் போவாள் என்று எனக்குத் தெரிந்துபோனது.

"அப்புறம் என்னப்பா யோசனை? சாயங்காலமே கருப்பிக்கு அடியில வச்சிரலாம்" என்றாள் மகள்.

"வை. நாளைக்குக் காலையில எல்லாத்தையும் ஒரே குழியில போட்டு மூடலாம்."

அவளுக்குப் புரிந்தது. முன்னொரு காலம் என் மச்சான் ஆசையாக ஒரு கோழி கொண்டுவந்து கொடுத்தான். பார்க்க ராணி மாதிரி இருந்தது. வந்த வாரமே மூக்கில் சளி ஒழுக ஆரம்பித்தது. ராணி பிழைத்துக்கொண்டது, என் கோழிகள்தான் ஒன்று விடாமல் போய்விட்டன. மச்சான் துக்கம் விசாரிக்க வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அதனால் பெட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். ஆறு குஞ்சு. ஒவ்வொன்றையும் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். பின்பக்கம் எச்சம் ஒட்டவில்லை. தொப்புள் காய்ந்திருந்தது. காதருகே வைத்து மூச்சைக் கேட்டேன், கரகரப்பு இல்லை. கண்ணில் நீர் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுகாத குழாயைத்தான் நான் இரண்டு தடவை தட்டிப் பார்ப்பேன்.

அட்டைப்பெட்டி பெரிதாக ஒன்று எடுத்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, குஞ்சுகளைக் குளியலறையிலேயே குடிவைத்தேன். அங்கே போக ஒரு செருப்பு, கூண்டுக்குப் போக வேறு செருப்பு. மகள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் திரை கட்டிக் குளித்தாள்.

"ஆஸ்பத்திரிலகூட இவ்வளவு பண்ண மாட்டாங்க."

"அதான் அங்க சாகுறாங்க."

நோய் ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது. குஞ்சுக் கடையில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவார்கள். பெண் குஞ்சுக்குத்தான் கிராக்கி. ஆணைக் கூடையோடு அள்ளிக் கொடுப்பான். சும்மா கொடுக்கிறவன் எதைக் கொண்டுவந்திருப்பான்? ஆறும் ஆண். வளரும், கூவும். இந்தத் தடவை ஒரு சேவல் இல்லை, ஆறு. மறுபடி மனு, மறுபடி பைக். கூண்டோடு போய்விடும். படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க, அவன் மூளையை மெச்சத்தான் தோன்றியது. ஆறு மாதம் கழித்து நடக்கப்போவதை இன்றைக்கே செருப்புப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறான். மகளிடம் சொன்னேன், சிரித்துவிட்டுப் போனாள்.

அதற்கு ஏற்றாற்போல அவனும் நடந்துகொண்டான். வேலை முடிந்து வந்தால் நேரே மதிலுக்கு வருவான். இத்தனை நாள் முகம் காட்டாத ஆள், மோவாயை மதில்மேல் வைத்துக்கொண்டு கேட்பான்.

"எப்படியிருக்கு பெரியவரே?"

"உயிரோட இருக்கு."

"வளருதா?"

"இல்ல, சுருங்குது."

ஒரு நாள் கேட்டான், "கொண்டை ஏதாவது தெரியுதா?"

எனக்கு ஆடிப்போனது. குஞ்சைப் பற்றிக் கேட்கிறவன் தீனி தின்கிறதா என்று கேட்பான். குஞ்சிலேயே கொண்டை தெரிந்தால் அது சேவல். கொண்டையைக் கேட்கிறவனுக்குக் கணக்கு வேறே இருக்கிறது. நான் பதில் சொல்லாமல் உள்ளே வந்து குளியலறைக்குப் பூட்டுப் போட்டேன்.

இதில் பாவம் கருப்பிதான். குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சாய்ப்பு. குஞ்சுகள் கத்தினால் அவளுக்குக் கேட்டது. முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுக்க ஆரம்பித்தாள், தாய்க்கோழி மட்டும் கொடுக்கிற சத்தம். தன் கிழங்குகள் பேசுகின்றன என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தாள். வாயருகே நொய்யைக் கொண்டுபோனால் என் கையைக் கொத்தினாள். அந்தக் கொத்தில் வலுவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

"இன்னும் எத்தனை நாள்ப்பா?" என்று மகள் கேட்டாள். தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. "குஞ்சு வளர்ந்துட்டா அவ சேர்க்க மாட்டா. நீங்கதான சொல்வீங்க?"

"நோய் இருந்தா?"

"இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள அவ செத்துட்டா, நோய் இல்லாத குஞ்ச வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க, நீங்களே மேல உட்காருவீங்களா?"

நான் செருப்பை மாற்றிக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் குளியலறைப் பெட்டியைக் கழுவ வேண்டும் என்று குஞ்சுகளை ஒரு கூடையில் போட்டு மதிலோரம் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் டிரைவர் மதிலில் பாதி உடம்பு இந்தப் பக்கம் தொங்க, ஒரு குஞ்சைக் கையில் பிடித்துத் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறான். கையும் களவுமாக மாட்டினான். ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன். குழாய் முறுக்கின கை, வயசானாலும் பிடி போகவில்லை.

"யோவ், என்னய்யா தேடுற?"

"விடுங்க பெரியவரே, விழுந்துருவேன்."

"விழு. எதுக்குக் கொடுத்த? ஆறும் சேவல்தான?"

அவன் திருதிருவென்று முழித்தான். சத்தம் கேட்டு மகள் வந்துவிட்டாள்.

"ஆமா" என்றான். "கடைக்காரன்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் எடுத்தேன். ஒண்ணுகூடப் பொட்டை இருக்கக்கூடாதுன்னு."

"பார்த்தியா!" என்றேன் மகளிடம். "நான் சொன்னப்ப சிரிச்சியே!"

"எதுக்குண்ணா?" என்றாள் அவள்.

மறு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். டிப்போவில் அவனை முதல் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி, எழுப்ப ஆள் இல்லை. போனில் அலாரம் வைத்தால் தூக்கத்திலேயே அணைத்துவிடுகிறான். மெமோ வாங்கியாகிவிட்டது. இன்னொரு தடவை தாமதமானால் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"உங்க சேவல் இருந்தப்ப ஒரு நாள்கூட என்னால தூங்க முடிஞ்சதில்ல பெரியவரே. அதான்."

"அதுக்குக் குஞ்சா?"

"பெரிய சேவலைத் தூக்கிட்டு வந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட நீட்டுறது? குஞ்சுன்னா ஏதோ ஆசைக்குக் கொடுத்த மாதிரி இருக்கும்னு…" கையிலிருந்த குஞ்சைப் பார்த்தான். "அடுத்த வாரம் கூவ ஆரம்பிச்சிருமா?"

மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"நாலஞ்சு மாசம் ஆகும்யா, மடையா" என்றேன்.

அவன் முகம் விழுந்த விதத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நடித்துக் காட்ட முடியாது. நானும் எத்தனையோ பொய் முகம் பார்த்தவன். மணிக்கட்டை விட்டேன்.

சந்தேகம் தீர்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் வராத பயம். கூடையைப் பார்த்தேன். குஞ்சுகளுக்கு இறக்கையில் தூவல் வந்திருந்தது. இனிமேல் கருப்பி சேர்ப்பாளோ என்னவோ, நான்தான் தள்ளிப்போட்டேன்.

இருட்டுக் கட்டும் நேரத்தில் சாய்ப்புக்குள் போனோம். மகள் போன் வெளிச்சத்தைத் துணியால் மூடிப் பிடித்தாள். ஒரு கையால் கருப்பியின் அடியிலிருந்து கிழங்கை உருவி, மறு கையால் குஞ்சை உள்ளே தள்ளினேன். இப்படித்தான் வைக்க வேண்டும். கிழங்கு வெளியே வந்தது, குஞ்சும் கூடவே வந்தது. நேரே வெளிச்சத்தைப் பார்த்து ஓடியது. இன்னொன்றை வைத்தேன், அதுவும் ஓடியது. துணிக்கு அடியில் போய் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

 இத்தனை நாள் பல்புக்குக் கீழே வளர்ந்தவை. அதுகளுக்கு அம்மா பல்புதான்.

"அணை" என்றேன். "யோவ் டிரைவர், உன் பின்கட்டு லைட்டையும் அணை!"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்விட்ச் சத்தம் கேட்டது. ஆறு குஞ்சையும் அவள் முன்னால் கொட்டினேன். கண் இருந்தும் குருடன் மாதிரி நின்றேன். குஞ்சுகள் கத்தின. குளிரில், இருட்டில், வாய் கிழியக் கத்தின. ஒன்று வீலென்று அலறியது. கொத்திவிட்டாள்.

கையை நீட்டினேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. தொட்டுத் தொட்டுப் பார்க்காதீங்க."

"கொன்னுடுவாடி."

"பேசாம இருங்க."

ஒரு பொருளைக் கண்ணால் பார்க்காமல், தட்டாமல், முகராமல் நான் எதையும் விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். கருப்பி அந்தத் தொண்டைச் சத்தத்தைக் கொடுத்தாள். ஒரு குஞ்சின் குரல் அடங்கியது. பிறகு இன்னொன்று. கடைசியில் சத்தமே இல்லை. அடியில் போய்ப் படுத்துவிட்டதா, எல்லாம் செத்துப்போச்சா, இரண்டும் இருட்டில் ஒரே மாதிரிதான் இருந்தது. மகள் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. வானம் வெளுக்கும் முன்னாலேயே சாய்ப்பு வாசலில் போய் நின்றேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சும்மா நிற்பானேன் என்று ஒரு கல்லை எடுத்து டிரைவர் வீட்டுத் தகரக் கூரையில் போட்டேன். உள்ளே எதுவோ உருண்டது. "எவன்டா அவன்!" என்று கத்திக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"எந்திரிச்சாச்சில்ல? கிளம்பு."

அவன் போகவில்லை. மதிலருகே வந்து நின்றான்.

கருப்பி வெளியே வந்தாள். நடை தள்ளாடியது. பின்னால் ஒன்று, இரண்டு, ஐந்து… ஆறாவது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வந்தது, தலையில் கொத்துப்பட்ட காயத்தோடு. வெள்ளைக் கோழி ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு குஞ்சுகளிடம் வந்தது. கருப்பி இறக்கையை விரித்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தாள். அந்த எலும்புக்கூட்டுக்குள் அவ்வளவு இருந்திருக்கிறது. வெள்ளை கூண்டின் மறு மூலைக்குப் போய்விட்டது.

நொய்யை இறைத்தேன். அவள் மண்ணைக் கீறி, ஒன்றை எடுத்துக் கீழே போட்டு, குஞ்சுகளைக் கூப்பிட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள். தான் தின்னவில்லை. 

"என்ன பெரியவரே?" என்றான் டிரைவர்.

"பேசாம இருய்யா."

குஞ்சுகள் தின்று முடித்து அவள் காலடியில் ஒதுங்கின. அவள் தண்ணீர்த் தட்டைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். குனிந்தாள். அலகை நனைத்துத் தலையைத் தூக்கினாள். தொண்டையில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. பிறகு நொய்யில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, கீழே போடாமல் விழுங்கினாள்.

நான் கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தேன்.